கட்டணம் கட்ட ஜன்னல் எங்கே?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருப்பூரில் சங்க ஆபீசில் அமர்ந்து சந்தாக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். பனியன் கம்பெனி ஒன்றில் பவர்டேபிள் டெய்லராக இருக்கும் தோழர் ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பையைப் பிரித்துக் காகிதங்களை மேஜைமீது அடுக்கினார். திருமணப் பதிவுச் சான்று, மகனின் பிறப்புச் சான்று, முகாம் அடையாள அட்டை ஒன்றின் நகல்.

"அண்ணா, எம் பொண்டாட்டிக்கு சிட்டிசன்ஷிப் வாங்கோணும்ங்க. ஃபீஸ் எவ்வளவுங்க ஆகும்? ஆறு மாசமா ஒன்றரை ஷிப்ட் பார்த்து ஒரு தொகை சேர்த்து வெச்சிருக்கறேன்."

போனஸ் தகராறு என்றால் நமக்குப் பதில் தெரியும். பீஸ் ரேட் பேச்சுவார்த்தை என்றால் பத்து வருஷக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வோம். இந்தக் கேள்விக்கு மட்டும் நம் நாக்கு எழவில்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னோம்: "தோழரே, உங்கள் மனைவி விஷயத்தில் ஃபீஸ் கட்டுவதற்கு ஜன்னலே இல்லை."

அவர் நம்பவில்லை. "ரேசன் கார்டுக்கே ஜன்னல் இருக்குதுங்களே!" என்றார்.

அவர் மனைவியின் கதை இது. 1990 ஜூனில் இலங்கையில் மீண்டும் போர் மூண்டபோது, மன்னார்க் கரையிலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் தாயின் மடியில் வந்து இறங்கியவர். அப்போது அவருக்கு ஒன்பது மாதம். மண்டபத்தில் பதிவு, பிறகு பவானிசாகர் முகாம். நடை பழகியது, பள்ளிக்கூடம் போனது, பூப்பெய்தியது எல்லாம் அந்த முகாமில். வேலை தேடித் திருப்பூர் வந்தார். ஒரே கம்பெனியில் இவர் தைத்தார், அவர் செக்கிங்கில் பீஸ் பார்த்தார். 2012இல் திருமணம். 2014இல் மகன். பையன் இப்போது பள்ளியில் படிக்கிறான். ஓயாமல் கபடி ஆடுகிறானாம்.

இந்தியப் பிரஜையை மணந்தவருக்கு இந்த நாட்டில் வழியே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1955ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம், 5ஆவது பிரிவு: இந்தியப் பிரஜையை மணந்து, இந்நாட்டில் ஏழு வருஷம் வாழ்ந்தவர் பதிவுக்கு மனுச் செய்யலாம். கலெக்டர் 60 நாளில் விசாரித்து மாநில சர்க்காருக்கு அனுப்ப வேண்டும்; மாநில சர்க்கார் 30 நாளில் டில்லிக்கு அனுப்ப வேண்டும். டில்லி மேஜைக்குப் போன பிறகு நாளை எண்ணுவார் யாருமில்லை. அது தனி வழக்கு. நம் தோழரின் மனைவி ஏழு வருஷமல்ல, ஐந்து ஏழு வருஷம் இங்கே வாழ்ந்துவிட்டார். பிறகு என்ன தடை?

2003இல் ஒரு திருத்தம் செய்தார்கள். 2004 டிசம்பர் 3 முதல் அமலுக்கு வந்தது. மனுதாரர் "சட்டவிரோதக் குடியேறி"யாக இருக்கக் கூடாது என்று ஒரு வரியை அதில் செருகினார்கள். முறையான பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தவர் எவரும் சட்டவிரோதக் குடியேறி. குண்டுமழைக்கு நடுவே ஒன்பது மாதக் குழந்தை பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு போலும்! மண்டபத்தில் அந்தக் குழந்தையை இறக்கிப் பெயரெழுதி அட்டை கொடுத்தது நம் சர்க்கார். அதே சர்க்காரின் இன்னொரு புத்தகத்தில் அவள் திருட்டுத்தனமாய் நுழைந்தவள்.

இதைவிடக் கொடுமை மகனுடைய நிலை. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்த குழந்தை பிறப்பால் இந்தியப் பிரஜையாக வேண்டுமானால், பெற்றோர் இருவரும் இந்தியப் பிரஜைகளாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் பிரஜையாக இருந்து, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதிருக்க வேண்டும். தந்தை இந்தியர். தந்தையின் தந்தை இந்தியர். பையன் பிறந்தது திருப்பூரில். ஆனால் தாயின் பெயருக்கு எதிரே அந்த ஒரு சொல் நிற்பதால், சட்டத்தின் எழுத்துப்படி அவன் இந்தியனில்லை. பேரனுக்குச் சொத்தில் பங்கு கேட்கலாம், நாட்டில் பங்கு கேட்க முடியாது! இந்தப் பேச்சை நாம் எடுத்தபோது தோழர் காகிதங்களை மறுபடி பைக்குள் வைக்க ஆரம்பித்துவிட்டார். விசேஷச் சந்தர்ப்பங்களில் எந்தச் சிறுவரையும் மத்திய சர்க்கார் பதிவு செய்யலாம் என்று அதே 5ஆவது பிரிவின் 4ஆவது உட்பிரிவு சொல்வதை எடுத்துக் காட்டித்தான் அவரை மறுபடி உட்கார வைத்தோம்.

பிறந்த தேதி ஒன்று ஒருவரை எப்படித் தூக்கி நிறுத்துகிறது, இன்னொருவரை எப்படித் தள்ளி விடுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1987 ஜூலை 1க்கு முன்பு இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே பிரஜை என்பது விதி. 2024 பார்லிமெண்டுத் தேர்தலில் அவர் திருச்சியில் ஓட்டுப் போட்டார். நாமும் மகிழ்ந்தோம். அதே முகாமில், அதே கொட்டகையில், இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த தங்கைக்கு அந்த வாசல் கிடையாது.

கட்டணத்துக்கு வருவோம். தோழர் கேட்டது அதைத்தானே.

அமெரிக்காவுக்குப் போய் வேலை பார்க்கும் நம் நாட்டவர் ஒருவர் அங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தால், திருமணம் பதிவாகி இரண்டு வருஷம் ஆனதும் அந்தப் பெண்ணுக்கு ஓ.சி.ஐ. அட்டைக்கு மனுப் போடலாம். இங்கே கட்டினால் 15,000 ரூபாய், அங்கே கட்டினால் 275 டாலர். வாழ்நாள் முழுதும் விசா இல்லாமல் வந்து போகலாம், தங்கலாம். நமக்கு அதில் பொறாமை இல்லை. நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த அட்டைக்கு முதலில் ஒரு வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வேண்டும். முகாம்காரப் பெண்ணிடம் அது ஏது?

பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினர் பிரஜையாகப் பதிவு பெற 3,000 முதல் 15,000 ரூபாய் வரை இருந்த கட்டணத்தை 2016இல் 100 ரூபாயாகக் குறைத்தது டில்லி சர்க்கார். ஏழை அகதிக்கு 100 ரூபாய் போதும் என்பது நியாயம்; அதை நாம் எதிர்க்கவில்லை. விசாக் காலம் கடந்து தங்கினால் அபராதம் உண்டல்லவா? அதிலும் இரண்டு விலைப் பலகைகள் இருந்தது 2019இல் ஊரறிய வெளிவந்தது. அந்த மூன்று நாட்டுச் சிறுபான்மையினருக்கு 100, 200, 500 ரூபாய். மற்றவர்களுக்கு 300, 400, 500 டாலர். அந்த வருஷம் நவம்பரில் கல்கத்தாவில் விசா முடிந்து சில நாள் தங்கிவிட்ட ஒரு வங்கதேசக் கிரிக்கெட் ஆட்டக்காரர் 21,600 ரூபாய் கட்டி ஊர் திரும்பினார். அதே குழுவில் இருந்த இந்து ஆட்டக்காரர் ஒருவர் அப்படித் தங்கியிருந்தால் 100 ரூபாயோடு போயிருப்பார்!

2019 டிசம்பரில் வந்த திருத்தச் சட்டமும் அந்த மூன்று நாடுகளைத்தான் எண்ணியது. இலங்கை அந்தக் கணக்கில் இல்லை. இந்துவானாலும், கிறிஸ்தவரானாலும், முஸ்லிமானாலும் இலங்கைத் தமிழருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. 2021 செப்டம்பர் 8ஆம் தேதி தமிழகச் சட்டமன்றம் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லித் தீர்மானம் போட்டது. டில்லி அசையவில்லை. 2024 மார்ச்சில் விதிகளை வெளியிட்டு அமல் நடத்தத் தொடங்கிவிட்டது.

நம் ஊர் டி-சர்ட் போகிற சீமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜூலை 24ஆம் தேதி பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானபோது, இனி நம் ஆடைகளுக்கு அங்கே சுங்கம் இல்லை என்று திருப்பூர் முதலாளிகள் இனிப்பு வழங்கினார்கள். பனியன் சுங்கமில்லாமல் கடல் தாண்டலாம். பெண்டாட்டி தாண்டுவதுதான் கஷ்டம். பிரிட்டிஷ் பிரஜை ஒருவர் தன் மனைவியை அங்கே அழைத்துக்கொள்ள 2025 ஏப்ரல் நிலவரப்படி விசாக் கட்டணம் 1,938 பவுன். நம் காசில் இரண்டு லட்சத்துக்கு மேல். வைத்திய வரி என்று வருஷத்துக்கு 1,035 பவுன் தனி. இவ்வளவும் கட்டத் தயாராக இருந்தாலும் வருஷ வருமானம் 29,000 பவுன் காட்ட வேண்டும். 2024 ஏப்ரலுக்கு முன் அது 18,600 ஆக இருந்தது. அங்கே கடை துடைக்கிறவனும், கிழவர்களுக்குப் பணிவிடை செய்கிறவளும் இந்த வருமானத்துக்கு எங்கே போவார்கள்? காதலிக்கக் கூடச் சம்பளச் சீட்டு கேட்கிற நாடு என்று அதைக் கண்டிக்கிறோம். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே தொகை அநியாயம், ஆனால் தொகை எவ்வளவு என்று தெரியும், கட்டினால் ரசீது கிடைக்கும், மறுத்தால் மறுத்த காரணத்தை எழுதிக் கொடுப்பார்கள், வழக்குப் போடலாம். நம் பவர்டேபிள் தோழர் இரண்டு லட்சம் சேர்த்துக்கொண்டு போனாலும் இங்கே வாங்குவார் இல்லை.

இந்தப் பெண்ணின் பாட்டனார் கதையையும் சொல்லிவிடுகிறோம். துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியின் பேச்சைக் கேட்டு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1948இல் இலங்கை சர்க்கார் சட்டம் போட்டு அவர் போன்ற லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று! அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று குடும்பங்கள் கிழிந்தன. மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றி வந்த ரயிலுக்கு ஜனங்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. அந்தக் கோச்சியில் ஏறாமல் வன்னிப் பக்கம் போய்க் காடு வெட்டிப் பிழைத்த குடும்பம் இது. பிறகு போர் துரத்தி மண்டபத்தில் கொண்டுவந்து சேர்த்தது. தாத்தாவின் ஊருக்கே திரும்பி வந்த பேத்தியைத்தான் சட்டவிரோதக் குடியேறி என்கிறார்கள். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் உள்ள இத்தகைய இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேர் போட்ட வழக்கில், அவர்களுடைய மனுக்களை வாங்கி 16 வாரத்துக்குள் முடிவு செய்யும்படி 2019 ஜூனில் மதுரைக் கிளை டில்லிக்குச் சொன்னது.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பது நமக்குத் தெரியாததல்ல. பாதுகாப்பு என்பார்கள். 1991 மே 21ஐ நினைவூட்டுவார்கள். அந்தப் படுகொலையை நாம் மறக்கவில்லை. மறக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் 35 வருஷமாய்ப் பெயர், புகைப்படம், கைரேகை எல்லாம் சர்க்கார் கையில் கொடுத்துவிட்டு, கணக்கெடுப்பு நாளில் வந்து தலை காட்டி, வெளியூர் போக அனுமதி கேட்டு வாழ்கிற மனிதர்களைவிடப் போலீசுக்கு நன்கு தெரிந்தவர்கள் இந்த மாநிலத்தில் வேறு யார்? உதவித் தொகைக்காகப் பொய்த் திருமணம் செய்வார்கள் என்பது அடுத்த வாதம். ஏழு வருஷ வாசம் என்ற நிபந்தனை எதற்கு இருக்கிறது? பத்துப் பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் வாடகை கொடுத்து, பிள்ளை பெற்று, சண்டை போட்டுச் சமாதானமாகி வாழ்கிற பொய்த் திருமணத்தை நாம் இன்னும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டம்மாவைக் கேட்டால் அரை மணியில் தெரிந்துவிடும்.

போர்தான் 2009இல் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகட்டுமே என்பவர்களும் உண்டு. போக விரும்புகிறவர்கள் தாராளமாகப் போகட்டும், வழிச்செலவும் கொடுத்து அனுப்புங்கள். ஆனால் நம் தோழரின் மனைவி எங்கே திரும்புவது? ஒன்பது மாதத்தில் விட்டு வந்த ஊருக்கா? புருஷனையும் பிள்ளையையும் எந்த விசாவில் கூட்டிப் போவது? 2025 மேயில் உச்ச நீதிமன்றத்தில், தண்டனைக் காலம் முடித்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், இந்தியா சத்திரம் அல்ல என்று நீதிபதி சொன்னார். அவருடைய மனைவி மக்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று வக்கீல் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. நீதிமன்றத்தோடு வாதாடுவது நம் வேலையல்ல. ஒன்று மட்டும் சொல்வோம்: நம் ஊரில் மருமகளைச் சத்திரத்துக்கு வந்தவள் என்று சொல்லும் வழக்கமில்லை, வாழ வந்தவள் என்றுதான் சொல்வோம்.

இந்த விஷயத்தில் இப்போது ஒரு சிறு வெளிச்சம் உண்டு. அதைப் பற்றிப் பேசாமல் டில்லியை வசை பாடிக்கொண்டிருப்பதில் லாபமில்லை. 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்கான சட்ட நடவடிக்கையிலிருந்து விலக்கு அளித்தது. ஆகவே இவர்கள் பாஸ்போர்ட் இல்லாமல் இங்கே இருக்கலாம் என்று சர்க்காரே கையெழுத்துப் போட்டுவிட்டது. அப்படியானால் பிரஜாவுரிமைப் புத்தகத்தில் மட்டும் எதற்காகச் சட்டவிரோதக் குடியேறி? இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. பாகிஸ்தான், வங்கதேச அகதிகளுக்கு 2015 செப்டம்பரில் இதே மாதிரி விலக்கு கொடுத்தார்கள். பிறகு 2019இல், அந்த விலக்குப் பெற்றவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் அல்ல என்று சட்டத்தில் எழுதினார்கள். அங்கே முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையே நான்கு வருஷம். நம்மவர்களுக்கு முதற்படி போட்டாயிற்று. இரண்டாம் படியைப் போடச் சொல்லி யார் கேட்பது?

நம்மைத்தான் கேட்கிறோம். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் மெஷினை நிறுத்திய ஊர் இது. ஆனால் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கிறவரின் மனைவிக்கு ஓட்டும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை என்பது நம் கோரிக்கைப் பட்டியல் எதிலும் இதுவரை ஏறவில்லை. அது முகாம் விஷயம், கொளத்தூரார் பார்ப்பார், சென்னையில் பேசுவார்கள் என்று இருந்துவிட்டோம். 2021இல் மாநில சர்க்கார் உதவித் தொகையைக் கூட்டியது, முகாம்களில் புது வீடுகள் கட்ட முன்வந்தது, அகதிகள் முகாம் என்ற பெயரையே மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. நல்ல காரியங்கள். ஆனால் புது வீட்டின் சாவியோடு பிரஜாவுரிமை வருவதில்லை.

நாம் கேட்பது பெரிய விஷயமல்ல. விலக்குப் பெற்ற இலங்கைத் தமிழரைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து நீக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே நாளில் முடியாது என்றால், இந்தியப் பிரஜையை மணந்தவர்களிலிருந்தும் அவர்கள் பெற்ற பிள்ளைகளிலிருந்தும் தொடங்கட்டும். அவர்கள் விஷயத்தில் தயங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. ஏழு வருஷத்தை முகாமில் பெயர் பதிந்த நாளிலிருந்து எண்ணட்டும். மற்ற அகதிக்கு 100 ரூபாய் என்றால் இவர்களுக்கும் 100 ரூபாய். கலெக்டருக்கும் மாநிலத்துக்கும் கெடு வைத்த விதி, டில்லி மேஜைக்கும் ஒரு கெடு வைக்கட்டும். அதுவரை பிள்ளைகளை 5ஆவது பிரிவின் 4ஆவது உட்பிரிவின் கீழ்ப் பதிவு செய்ய மாநில சர்க்கார் தானே முன்வந்து சிபாரிசு அனுப்பட்டும்.

திருப்பூர், அவினாசி, பல்லடம், பெருமாநல்லூர் பக்கத்துக் கம்பெனிகளில் இப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன என்ற கணக்கை நாமே எடுக்கத் தொடங்கியிருக்கிறோம். தோழர்கள் தங்கள் கம்பெனியில் விசாரித்துச் சொல்லுங்கள். சம்பந்தப்பட்டவர்கள் ஞாயிறு காலைகளில் சங்க ஆபீசுக்கு வரட்டும்: திருமணப் பதிவுச் சான்று, முகாம் அட்டை அல்லது போலீஸ் பதிவின் நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, குடியிருந்த வீடுகளின் விலாசம். அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம், நகல் போதும். சிட்டிசன்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் புரோக்கர் எவனாவது வந்தால் பேரை மட்டும் நம்மிடம் சொல்லுங்கள். மனுக்களைக் கட்டாகக் கட்டிக் கலெக்டர் ஆபீசில் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் ரசீது கேட்கப் போகிறோம். முதல் மனு அந்தப் பவர்டேபிள் தோழருடைய வீட்டம்மாவினுடையது. சென்ற வாரமே எழுதி முடித்தாயிற்று.